நானூற்றுப் பதினேழின் ஏப்பம்

தக்குவாரெம்போ மேட்டில் உறைபனி.
கம்பிவேலியைத் தொட்டால்
விரல் ஒட்டிக்கொள்கிறது.
நெலிடா
இறுகிப்போன வால்வை வாயால் ஊதி ஊதி
இளக்கி, திருகி, மூடுகிறாள்.
கலனுக்குள்
ஒரு கிடாரி நேற்று முழுக்க விட்ட மூச்சு.

கழுத்தில் அது ஒரு நுகம்,
ஏர் இல்லாத நுகம்.
மூக்கின் மேலிருந்து நூல் தடிமனில் ஒரு குழல்
சிறுகச் சிறுக உறிஞ்சிச் சேர்க்கும்
இரவும் பகலும் வந்த ஏப்பத்தை.

பக்கத்துப் பண்ணை எர்சிலியோ
மாத்தே குவளையோடு வேலியில் சாய்ந்தார்:
"அரசாங்கம் இப்போது
மாட்டின் வாய்நாற்றத்துக்கும் சம்பளம் தருகிறதா?"
பதில் சொல்ல உதடு வரவில்லை.
அவர் நீட்டிய குவளையை மட்டும் வாங்கிக்கொண்டாள்,
சூட்டுக்காக.

செடிக்கு லோட்டஸ் என்று பெயர்.
தாமரை அல்ல.
கணுக்கால் உயரம், மஞ்சள் பூ;
காம்பின் நுனியில் காய்கள் விரிந்து நிற்பது
ஈர மண்ணில் குருவி வைத்த கால்.
வேரைப் பிடுங்கினால்
கேழ்வரகு மணியளவு முடிச்சுகள்,
நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பு:
காற்றைக் காய்ச்சி உரமாக்கும் அடுப்புகள்.
இலையைக் கடித்தால்
துவர்ப்பு.

ஆறு சுவையில்
எவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்காத சுவை.
அதுதான்
இரைப்பையின் இருட்டில்
புரதத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது;
மீத்தேன் வடிக்கும் நுண்ணுயிர்களின் கையைக்
கொஞ்சம் கட்டிப்போடுகிறது.
கொஞ்சம்தான்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டுத்தான்
நெலிடாவுக்கு மூன்று குளிர்காலம் போயிற்று.

முதல் ஆண்டு
லோட்டஸ் கலந்த வயலில் மேய்ந்தவை
தோள் திரண்டு வந்தன.
கிலோ எடைக்கு எத்தனை கிராம் வாயு என்ற கணக்கில்
கோடு கீழே இறங்கியது.
தலைநகரிலிருந்து ஒருவர் வந்து
படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கோடையில் மழை இல்லை.
செடியைப் புல்லுக்குள் தேட வேண்டியிருந்தது.
கோடு எங்கே போகிறதென்று கோட்டுக்கே தெரியவில்லை.
போதாக்குறைக்கு நானூற்றுப் பதினேழு.
மற்ற மாடுகள் நுகத்தை மறந்து மேய,
அது மட்டும் யூகலிப்டஸ் மரத்தில் தேய்த்துத் தேய்த்து
நான்காம் இரவு
குழலை அறுத்து மென்றுவிட்டது.
அட்டவணையில் ஒரு கட்டம் காலி.

"சராசரியைப் போட்டு நிரப்பிவிடேன்"
என்றார் இயக்குநர் பிட்டாலூகா.
அவள் அந்தக் கட்டத்தில் எழுதினாள்:
தின்றுவிட்டது.

பிறகு அவள் கேட்டது ஒன்றே.
ஜனவரியில் வயலை மூடுங்கள்.
காய் முற்றட்டும், வெடிக்கட்டும்,
விதை தானாகச் சிதறட்டும்.
புல்லுக்கு எல்லோரும் அலையும் மாதம் அது.
பசித்த மந்தையின் கண்ணெதிரே
பச்சையைப் பூட்டிவைக்க
எந்தப் பண்ணையில் மனம் வரும்?
எர்சிலியோதான்
தன் பின்வயலை இருபது நாள் திறந்துவிட்டார்.
காரணம் சொல்லவில்லை.
"அந்தக் குழல் தின்னியை மட்டும் அனுப்பாதே" என்றார்.

உச்சி வெயிலில் காய் வெடிப்பது
குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும்.
டிக்.
வெகுநேரம் கழித்து இன்னொரு டிக்.
அவள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

இப்போது பனி உருகுகிறது.
மண்டியிட்டு,
சதுரச் சட்டத்தைப் புல்மேல் வைத்து
நாற்றுகளை எண்ணுகிறாள்.
ஒன்பது. பத்து. இது களை.
பதினொன்று.

நுகம் கழற்றிய நானூற்றுப் பதினேழு
பின்னால் வந்து நின்று
பிடரியில் விடுகிறது ஓர் ஏப்பம்:
வெதுவெதுப்பாய், புளித்த புல்வாசமாய்,
எந்தக் கலனிலும் சேராமல்.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
சட்டத்தை நகர்த்தாமல்
மறுபடி ஒன்றிலிருந்து.